அரைப்பேர் போட்ட கதை

போன வாரம் கவிதா வந்திருந்தாள். நான் வேலை பார்த்த அதே ஊராட்சி ஒன்றியத்தில் இப்போது மகளிர் குழுக்களைக் கவனிக்கிற பெண். வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, ஒரு சிக்கல். நடவுக்கு வந்த வங்காளத்து ஆளுங்க குடும்பத்தோட இங்கயே தங்கிட்டாங்க. அவங்களையும் நம்ம ஊர்ப் பொம்பளைங்களையும் ஒண்ணா உக்கார வச்சு, அவங்கவங்க கதையைச் சொல்ல வைக்கணுமாம். மேலேருந்து உத்தரவு. மைக் கட்டியாச்சு, பேனர் அடிச்சாச்சு. ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. நீங்க அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சீங்க?"

முட்டிவலியோடு சாய்ந்து கிடந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஓய்வுபெற்ற நாளிலிருந்து காத்துக் கிடக்கிறேன்! நான் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரருக்குக் காது புளித்துப்போயிற்று.

"முதல்ல அந்த மைக்கைத் திருப்பிக் கொடுத்துடு. வேர்க்கடலை வாங்கு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

நான் கிராம சேவிகாவாக இருந்தவள். பயிற்சி நிலையத்தில் புகையில்லா அடுப்பு கட்டவும், பப்பாளியில் ஜாம் கிண்டவும், குழந்தைக்குச் சட்டை தைக்கவும், கொல்லையில் காய்கறி போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு தெரு முறைத்துக்கொண்டு நின்றால் நடுவில் போய் என்ன செய்வது என்று ஒரு வகுப்பும் நடக்கவில்லை. சான்றிதழில் முதல் வகுப்பு என்று போட்டு, திருப்பனந்தாள் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

அது தஞ்சாவூர் ஜில்லா முழுக்க நிலத்துக்கும் கூலிக்கும் கொதித்துக்கொண்டிருந்த காலம். சென்னையில் ஆட்சி இந்தக் கழகத்திலிருந்து அந்தக் கழகத்துக்கு மாறினாலும், உச்சவரம்பு என்று சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தாலும், நடவு தொடங்கும்போது வரப்பில் நின்று கேட்பது ஒரே கேள்விதான்: கூலி என்ன? பதில் பிடிக்காவிட்டால் ஆட்கள் வயலில் இறங்க மாட்டார்கள். உடனே நிலக்காரர்கள் வேறு ஊரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவருவோம் என்பார்கள். 'வெளியாள்' என்ற சொல்லைக் கேட்டாலே உழைக்கிற தெருக்களில் அடுப்பு அணைந்துவிடும். அந்தச் சொல்லால் கை கால் உடைந்தவர்களும் உண்டு, வீடு எரிந்தவர்களும் உண்டு.

எங்கள் மேலதிகாரியை எல்லோரும் பி.டி.ஓ. என்றுதான் சொல்வோம். நல்ல மனுஷர், ஆனால் வழவழா. ஆகாத விஷயம் எதையும் எழுத்தில் கொடுக்க மாட்டார். கோப்பை மூடுவார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டித் தலைப்பால் நிதானமாகத் துடைப்பார். கண்ணாடி கையில் இருக்கும்வரை அவர் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை என்று அர்த்தம். நாங்கள் கேட்கவேண்டியதை அந்த நேரத்துக்குள் கேட்டுவிட வேண்டும். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டால் அதிகாரி வந்துவிடுவார். என்னோடு வேலை பார்த்த சேவிகாக்களில் பாதிப் பேருக்கு இந்தச் சூட்சுமம் கடைசிவரை பிடிபடவில்லை. கண்ணாடி மாட்டியிருக்கும்போது போய்க் கேட்டுவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

இனி வேர்க்கடலைக்கு வருகிறேன். மாதர் சங்கக் கூட்டத்துக்கு நான் கொண்டுபோவது பாய், முறம், உரிக்காத கடலை. பெண்களை வரிசையாக உட்கார வைத்து 'பேசுங்க' என்றால் முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதிலும் இரண்டு பேருக்கு ஒரு முறம்தான் கொடுப்பேன். ஆளுக்கொன்று கொடுத்தால் அவரவர் முறமே கதி என்று இருந்துவிடுவார்கள். ஒரே முறத்தில் கை போட்டால், தோல் எந்தப் பக்கம், பருப்பு எந்தப் பக்கம் என்றாவது பேசித்தானே ஆகவேண்டும்? உரித்த கடலையை வெல்லப்பாகில் உருட்டிப் பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம். அலுவலகத்துக்கு 'சத்துணவுச் செய்முறை விளக்கம்' என்று எழுதி அனுப்புவேன். ஒருநாளும் அது பொய்யாக இருந்ததில்லை, உருண்டை நிஜமாகவே சத்தானது.

அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் என்னோடு மல்லுக்கு வர அங்கே ஆள் இருக்கிறது. மண்ணியாற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழத்தெரு முழுக்க விவசாயக் கூலிக் குடும்பங்கள். அங்கே அஞ்சலையக்கா வைத்ததுதான் சட்டம். நடவுக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவர் அவர். அவர் வயலில் கால் வைத்தால்தான் மற்றவர்கள் வைப்பார்கள். ஒல்லியான உடம்பு, ஊருக்கே கேட்கிற குரல். முதல் நாளே என்னைப் பார்த்து, "சேவிகாம்மா, உங்க அடுப்புல பொகை வராது சரி, சோறு வருமா?" என்று கேட்டவர். எனக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துவிட்டது.

ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டுத் திடல் புறம்போக்காகக் கிடந்தது. வீட்டுமனையாக அதைத் தங்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கீழத்தெருக்காரர்கள் பல வருஷமாக மனு போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் ஒருநாள் அதை அளந்து, சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட இருபது சொச்சம் குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டது. கேட்டவர்களுக்கு இல்லை, கேட்காதவர்களுக்கு வந்தது. கீழத்தெருவின் வயிறு எரிந்ததைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

வந்தவர்களை ஊர் 'அகதிங்க' என்றது. அவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். "நாங்க அகதி இல்லைங்க, தாயகம் திரும்பியோர்" என்று அரசாங்கக் காகிதத்தில் இருக்கிற சொல்லை ஒரு எழுத்து பிசகாமல் சொல்வார்கள். பேச்சாயி என்ற பெண்தான் முதலில் என்னோடு சிநேகமானாள். என் வயதுதான் அவளுக்கு. புருஷன் சுப்பையா வாயில்லாப் பூச்சி, இரண்டு பிள்ளைகள். தோட்டத்தில் மருத்துவச்சியைக் கூப்பிடுகிற மாதிரி என்னை 'மிஸ்ஸி' என்பாள். "எங்க தாத்தா இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவுலேருந்து போனவருதாங்க மிஸ்ஸி. எந்த ஊருன்னு சொல்லாமச் செத்துப்போயிட்டாரு. அங்க எங்களக் கள்ளத்தோணின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்றாங்க. கப்பல்ல வந்த அந்த ஒரு நாளுதான் எங்கள யாரும் எதுவும் சொல்லல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம் சம்பா நடவு நேரத்தில் கூலித் தகராறு முற்றிவிட்டது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டு நின்றது. கீழத்தெரு வயலில் இறங்கவில்லை. பெரிய பண்ணையின் காரியஸ்தர், "ஆளுக்கா பஞ்சம்? திடல்லயே இருக்காங்களே" என்று டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

திடல்காரர்கள் அப்போது பக்கத்து ஒன்றியத்தில் ரோடு போடுகிற இடத்துக்கு மண் சுமக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மத்தியானத்தோடு மழை பிடித்துக்கொண்டு வேலை நின்றுபோயிற்று. மறுநாள் காலை பேச்சாயி கீழத்தெரு அடிபம்பில் தண்ணீர் பிடிக்கப் போனாள். திடலுக்கும் சேர்த்து அந்த ஒரு பம்புதான். அங்கே நின்ற அஞ்சலையக்காவின் மருமகள் பேச்சுக்கு, "நேத்து வேலைக்குப் போனீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். பேச்சாயியும் வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறாள்:

"போனோம்ங்க. நேத்து அரைப்பேர்தான் போட்டாங்க. இன்னைக்கு முழுப்பேரும் போட்டுருவாங்க."

அவ்வளவுதான்! மருமகள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். திடலில் பாதிப் பேர் பண்ணையில் பெயர் கொடுத்துவிட்டார்கள், இன்றைக்கு மீதிப் பேரும் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. பேச்சாயி குடத்தைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போய்ச் சேர்வதற்குள், அஞ்சலையக்கா பம்பின் கைப்பிடியைக் கழற்றித் தன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். தெருக்காரர்களுக்கு வேண்டும்போது மட்டும் எடுத்துவந்து மாட்டுவார்.

திடல்காரர்கள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. என்ன தப்பு செய்தோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, கேட்கப் போனவர்களிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தச் சமயம் பார்த்து ஒரு மேஸ்திரி வந்து சேர்ந்தார். மேற்கே மலைக்காட்டில் மரப்பட்டை உரிக்கிற வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை லாரியோடு வருகிறேன், குடும்பத்தோடு ஏறிக்கொள்ளுங்கள் என்றார்.

நான் திடலுக்குப் போனபோது பேச்சாயி தகரப்பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காட்டுக்கு எங்க நாத்தனார் குடும்பம் போச்சுங்க மிஸ்ஸி. போனவங்க போனவங்கதான். ஒரு சேதி இல்ல. தெரிஞ்சேதான் போறோம். வேற எங்க போறது?"

"மனையை விட்டுப் போனா பட்டா ரத்தாயிடும் பேச்சாயி. அப்புறம் திரும்பி வந்தாலும் நிக்க இடம் இருக்காது."

"இப்ப மட்டும் நிக்க விடுறாங்களா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக ஒன்றிய அலுவலகத்துக்கு மிதித்தேன். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பி.டி.ஓ. கண்ணாடி மாட்டியிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பம்பு ரிப்பேர்னா மெக்கானிக்கை அனுப்புறேன்மா."

"பம்பு நல்லாத்தான் சார் இருக்கு. கைப்பிடிதான் அஞ்சலையக்கா வீட்டுல இருக்கு."

கோப்பை மூடினார். "போலீஸோட போய் எடுத்தா?"

"எடுத்துடலாம் சார். அப்புறம் தினமும் குடத்துக்கு ஒரு போலீஸ் நிறுத்தணும்."

கண்ணாடி கீழே இறங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அவர் வேட்டித் தலைப்பைத் தேடி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு தெருவையும் ஒரே பாய்ல உக்கார வச்சு ஒரு கூட்டம் போடவா சார்?"

"கூலி பத்திப் பேசக்கூடாது. நிலம் பத்திப் பேசக்கூடாது. கட்சி பத்தி மூச்சு விடக்கூடாது."

"அப்ப எதைப் பத்தித்தான் சார் பேசுறது?"

"அவங்கவங்க கதையைப் பேசிக்கட்டும். கதைக்கு எந்த அரசாணையும் தேவையில்லை" என்றவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நீங்க எப்பம்மா வந்தீங்க?" என்று கேட்டார். நான் எழுந்து ஓடியே வந்துவிட்டேன்.

அஞ்சலையக்காவைக் கூப்பிடுவதுதான் பெரும்பாடு. "அந்தத் துரோகிங்க இருக்கிற எடத்துல நான் உக்கார மாட்டேன்" என்றார். "உக்கார வேணாம்க்கா, நின்னுகிட்டே திட்டுங்க. இங்க வீட்டுல இருந்து திட்டினா அவங்களுக்கு எப்படிக் கேக்கும்?" என்றேன். நேருக்கு நேர் திட்டலாம் என்றதும் முகம் மலர்ந்து கிளம்பிவிட்டார்.

பால்வாடிக் கட்டடத்தில் பாய் விரித்தேன். கீழத்தெருப் பெண்கள் ஒரு சுவரோடு, திடல் பெண்கள் எதிர்ச்சுவரோடு. நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் வம்படியாக ஜோடி சேர்த்தேன். கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர், அஞ்சலையக்காவும் பேச்சாயியும். கடலையைக் கொட்டிவிட்டு விலகிக்கொண்டேன். எல்லோரும் உரிக்க ஆரம்பித்தார்கள்.

அஞ்சலையக்காதான் தொடங்கினார். "பேரு குடுத்தவளோட ஒரே மொறத்துல கை வைக்க வேண்டியிருக்கே, என் தலையெழுத்து!"

பேச்சாயி பதறிப்போய், "நாங்க எங்கக்கா பேரு குடுத்தோம்? அவங்கதானே எங்களுக்குப் பேரு போட்டாங்க!" என்றாள்.

போச்சுடா என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கீழத்தெருப் பக்கம் ஒரே கூச்சல். "பாத்தீங்களா, அவ வாயாலயே சொல்லிட்டா!" என்று மருமகள் எழுந்துவிட்டாள். திடல் பெண்களும் எழுந்துவிட்டார்கள். கடலை பாயெல்லாம் உருண்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "இன்னைக்கு இங்க கதை மட்டுந்தான்! வேற எது பேசினாலும் என் வேலை போயிடும்! பேச்சாயி, நீ சொல்லு. நீ தோட்டத்தை விட்டு வந்த கதையைச் சொல்லு!"

என் வேலை போய்விடும் என்றதும் அஞ்சலையக்காவே, "உக்காருங்கடி, பாவம் சேவிகாம்மா" என்று தெருவை அடக்கினார்.

பேச்சாயி முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கப்பலுக்குத் தேதி வந்திருச்சு. மறுநாள் கிளம்பணும். கடைசியா ஒரு நாள் மலைக்குப் போயிட்டு வந்துருவோம்னு கூடையை மாட்டிக்கிட்டுப் போனேன். பன்னெண்டு வயசுல ஆரம்பிச்சு அந்தத் தேயிலையில கொழுந்து எடுத்தவ நான். எங்கம்மாவை அந்தத் தேயிலைக்கு நடுவுலதான் பொதைச்சிருக்கு. கல்லு கிடையாது, பேரு கிடையாது. ஒரு செடிதான் அடையாளம். மத்தியானத்தோட கூடையை எறக்கி வச்சிட்டு அங்க போயிட்டேன். அம்மாகிட்ட உக்காந்து, 'போயிட்டு வரேன்'னு சொல்ல வாய் வரல. வரமாட்டேன்னு தெரியுமே. அந்தச் செடியில ரெண்டு எலையும் மொட்டுமா ஒரே ஒரு கொழுந்து கிள்ளி முந்தியில முடிஞ்சுகிட்டு, வேற எதுவும் சொல்லாம எந்திரிச்சு வந்துட்டேன். சாயங்காலம் கூடையைத் தராசுல நிறுத்தாங்க. கணக்கப்பிள்ளை என்னைய நிமுந்துகூடப் பாக்கல. கடைசி நாளுக்கா அது. அன்னைக்கும் எனக்கு அரைப்பேர்தான் போட்டாரு."

அஞ்சலையக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்:

"அது என்னாடி அரைப்பேரு? பேச்சுன்னு எழுதிட்டு ஆயியை விட்டுட்டானா?"

திடல் பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பேச்சாயிக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. "இல்லக்கா! பேருன்னா கூலிக்கா. ஒரு நாள் வேலை செஞ்சா ஒரு பேரு. பாதி நாளுன்னா அரைப்பேரு. அரைக்கூலி!"

"அரைக்கூலியா?"

"ஆமாக்கா. அன்னைக்கு ரோட்டு வேலையில மழை வந்திருச்சே, அப்பவும் அரைப்பேர்தானே போட்டாங்க!"

அஞ்சலையக்கா கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டார். மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் கூரையைப் பார்த்தாள். எனக்கு எழுந்து குதிக்கவேண்டும் போல இருந்தது. ஒரு சொல்! ஒரே ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்திருக்கின்றன!

"அப்ப நீங்க பண்ணையில பேரு குடுக்கல?"

"எந்தப் பண்ணைக்கா? அந்தக் காரியஸ்தர் மூஞ்சியைக்கூட நாங்க பாத்ததில்ல. அங்க நாங்களும் ஸ்ட்ரைக்கு செஞ்சவங்கதாங்க. ஸ்ட்ரைக்கு நாள்ல வேலைக்கு மலை ஏறுன சொந்தச் சித்தப்பா வீட்டுல நான் ஒரு வருஷம் தண்ணி வாங்கிக் குடிக்கல."

அஞ்சலையக்கா சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவர் வீட்டுக்குள் போய், கைப்பிடியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அடிபம்பில் தானே மாட்டி, ஒரு குடம் அடித்து, அதைச் சுமந்துகொண்டு பால்வாடிக்கு வந்து பாயின் நடுவில் வைத்தார்.

"குடிங்கடி. நானும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. எங்க அப்பன் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பண்ணையாளு. நாள் முழுக்க ஒழைச்சிட்டு அரை மரக்கா நெல்லு அளக்குறியேன்னு கேட்டாரு. அன்னைக்கே குடிசையைப் பிரிச்சுட்டாங்க. நான் அப்ப சின்னப் புள்ள. சட்டிப் பானையைத் தலையில வச்சுகிட்டு ஆத்தங்கரையோடயே நடந்து வந்தோம். எத்தனையோ ஊரு, எவனும் தங்க விடல. கடைசியில இந்தக் கீழத்தெருதான் விட்டுச்சு. விட்டாலும் ரொம்ப நாளு என்னைய மேக்கத்தியா, மேக்கத்தியான்னுதான் கூப்புட்டாளுவ. இதோ இந்தக் கெழவிகூட!"

அவர் கை காட்டிய கிழவி, "பொண்ணு, அதை இன்னுமா மனசுல வச்சிருக்க?" என்றாள். பால்வாடியே சிரிப்பில் அதிர்ந்தது. அப்புறம் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி அட்டை கடித்ததைச் சொன்னால், இன்னொருத்தி வயலில் பாம்பை மிதித்ததைச் சொன்னாள். திடல் பெண் வேலை நேரத்தில் பிள்ளையை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவைச் சொன்னால், கீழத்தெருப் பெண் வரப்பு மரத்தில் தூளி கட்டி நட்டதைச் சொன்னாள். கடலை தீர்ந்துபோனது கூட யாருக்கும் தெரியவில்லை, வெறும் முறத்தில் கை துழாவிக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான ஒரு சாயங்காலம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறுநாள் காரியஸ்தர் திடலுக்கு வந்து, "நாளைக்கு நடவுக்கு ஆள் பேர் குடுங்க" என்றாராம். பேச்சாயி, "முழுப்பேர் போடுவீங்களா? எங்களுக்கு மட்டும் இல்ல, கீழத்தெருவுக்கும் அவங்க கேக்குற முழுப்பேரு" என்றாளாம். காரியஸ்தருக்கு ஒரு எழவும் புரியவில்லை. வாய்க்காலைத் தாண்டி வந்தால் அங்கே கீழத்தெருப் பெண்கள் நின்றுகொண்டு, "முழுப்பேர் போடு! முழுப்பேர் போடு!" என்று கோஷம் போடுகிறார்கள். அந்த ஊரில் யாரும் அதுவரை கேட்காத கோஷம்! நாற்று முற்றிக்கொண்டிருந்தது, வெளியாளும் கிடைக்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் பேசி, கேட்டதில் முக்கால்வாசிக்கு நிலக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நடவு. அஞ்சலையக்கா திடல் பெண்களையும் வரிசையில் சேர்த்துக்கொண்டார். "எங்களோட எறங்கட்டும். அப்ப எவன் இவளுங்கள வெளியாளுன்னு சொல்றான்னு பாக்குறேன்" என்றார். அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்க நானும் வரப்பில் போய் நின்றேன். கூத்தாகிவிட்டது! நடவு நடுகிறவர்கள் நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். கொழுந்து எடுக்கிறவர்களோ மலையில் முன்னால் ஏறிப் பழகியவர்கள். பேச்சாயி நாற்றை ஊன்றினாள், அடுத்த அடி முன்னால் வைத்து, ஊன்றிய நாற்றையே மிதித்தாள். திரும்ப ஊன்றினாள், திரும்ப மிதித்தாள். "அடியே, பின்னால வாடி! பின்னால!" என்று அஞ்சலையக்கா கத்துகிறார். "காலு முன்னாலதாங்கக்கா போகுது!" என்று இவள் கத்துகிறாள்.

அப்போதுதான் லாரி வந்தது.

திடலுக்குப் போகிற மண்பாதையில், வயலுக்கு ஓரமாக வந்து நின்றது. மேஸ்திரி இறங்கி, "ஏறுறவங்க ஏறுங்க, நேரமாச்சு" என்றார். திடலில் நம்பிக்கையில்லாத சில ஆண்கள் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சுப்பையா தகரப்பெட்டியை லாரியில் ஏற்றியேவிட்டான், இரண்டு பிள்ளைகளும் அதன்மேல் உட்கார்ந்திருந்தன. ஒரு வார நடவோடு கீழத்தெருக்காரர்கள் நம்மை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று அவன் பயந்ததில் தப்பே இல்லை. எனக்கே அந்தப் பயம் இருந்தது.

"சுப்பையா பொண்டாட்டி எங்க? கூப்புடு" என்றார் மேஸ்திரி. "ஏம்மா, வர்றியா இல்லியா?"

அஞ்சலையக்கா நிமிரவில்லை. மற்ற பெண்களும் நிமிரவில்லை. போ என்றோ இரு என்றோ ஒருவரும் சொல்லவில்லை. இது அவளே சொல்லவேண்டிய பதில் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பேச்சாயி கையில் நாற்றுமுடியோடு லாரியைப் பார்த்தாள், பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

அப்புறம் குனிந்தாள். நாற்றைச் சேற்றில் ஊன்றினாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு நாற்று, இன்னொரு அடி பின்னால். லாரியிலிருந்து விலகி விலகிப் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு நாற்றுகூட மிதிபடவில்லை.

"அப்படித்தாண்டி என் ராசாத்தி!" என்று அஞ்சலையக்கா போட்ட சத்தத்தில் வயலில் இருந்த கொக்கெல்லாம் பறந்தன. கீழத்தெரு ஆண்கள் இரண்டு பேர் லாரியில் ஏறிப் பெட்டியை இறக்கினார்கள். சுப்பையா பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி வரப்பில் விட்டான். அரசாங்க ஊழியர் கூலித் தகராறு நடந்த வயலில் கைதட்டக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. நான் கை வலிக்கிறவரை தட்டினேன்.